காதர்பேட்டையைச் சாய்ப்பது மந்தம் இல்லை

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆர்டர் குறையும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: இனி காதர்பேட்டை பனியன் சந்தையும் அவ்வளவுதான். 2008-ல் அமெரிக்க வங்கிகள் கவிழ்ந்தபோது இதைச் சொன்னார்கள். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது சொன்னார்கள். 2022-ல் நூல் விலை தாறுமாறாக ஏறியபோது சொன்னார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது இன்னும் பலமாகச் சொன்னார்கள். ஊரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டுக்குப் போகிறது, பயம் நியாயமானதுதான். ஆனால் பனியன் கம்பெனிக்கு விழும் அடியும் காதர்பேட்டைக்கு விழும் அடியும் ஒன்றல்ல. இதை நம் ஊர்க்காரர்களே புரிந்துகொள்ளாமல் பேசுவதுதான் எனக்கு வருத்தம்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது காதர்பேட்டை. உள்நாட்டு பனியன் மொத்த வியாபாரம் ஒரு பக்கம். ஏற்றுமதியில் கழிந்ததும் மிஞ்சியதும் விற்கும் செகண்ட்ஸ் கடைகள் இன்னொரு பக்கம். கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வந்து மூட்டை கட்டிப் போவார்கள். நைஜீரிய வியாபாரிகள் இங்கேயே தங்கி லாட் லாட்டாக வாங்கி அனுப்பிய காலமும் உண்டு.

இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு ஏற்றுமதி கம்பெனி, ஆர்டரைவிடச் சில சதவிகிதம் கூடுதலாகவே வெட்டித் தைக்கும். தையல் பிசகு, எண்ணெய்க் கறை, கலர் ஷேடு மாற்றம் என்று கழிவது எப்படியும் இருக்கும். அதுபோக மிஞ்சுவது காதர்பேட்டைக்கு வரும். இது சாதாரண நாளில் நடப்பது. மந்த காலத்தில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆர்டரை நிறுத்திவைப்பார், ரத்து செய்வார், கப்பல் தேதி இரண்டு நாள் தவறினாலும் சரக்கு வேண்டாம் என்பார். தைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கிய முழு லாட்டும் குடோனில் கிடக்கும். கம்பெனிக்கோ சனிக்கிழமை வந்தால் வாரச் சம்பளம் போட வேண்டும். அந்த நேரத்தில் ரொக்கத்தை எடுத்து வைத்து லாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர் காதர்பேட்டை வியாபாரி. அடிமாட்டு விலை என்று அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. விலை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் எத்தனை கம்பெனிகளில் அந்த வாரத்துச் சம்பளமாக மாறியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆக, ஏற்றுமதி படுத்தால் இங்கே சரக்கு கூடுகிறது. வாங்க ஆளும் கூடுகிறது. கோவை கிராஸ்கட் ரோட்டில் பெரிய கடையில் தீபாவளித் துணி எடுத்துப் பழகிய குடும்பம், வருமானம் குறைந்தால் தீபாவளியை விட்டுவிடுவதில்லை, கடையை மாற்றிக்கொள்கிறது. குழந்தைக்கு இரண்டு செட், தாத்தாவுக்கு ஒரு பனியன், எல்லாம் சேர்த்துப் பெரிய கடையின் ஒரு சுடிதார் விலையில் முடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று பாருங்கள். டி-ஷர்ட் குவியலுக்கு முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். சட்டையின் முன்பக்கத்தை அவர் பார்ப்பதே இல்லை. உள்பக்கம் திருப்பி அக்குள் தையலை விரலால் நீவுவார். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊசித் துளை தேடுவார். பிராண்டின் பெயர் வெளியே போகக் கூடாது என்பதால் கழுத்து லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். அந்த நறுக்கிய நுனி குழந்தைக்கு உறுத்துமா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "ஏனுங்க அண்ணா, இதில் கறை இருக்கிறதுங்களே" என்று கேட்டு, 100 ரூபாய்க்கு இரண்டு என்றதை மூன்றாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். வாரம் முழுவதும் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் இதே வேலை செய்கிற பெண் அவர். அவரை ஏமாற்றி ஒரு ஓட்டைச் சட்டையை விற்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.

இங்கே எனக்கு மனது கனக்கிற இடம் ஒன்று உண்டு. திருப்பூரில் காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை உழைக்கும் ஒன்றரை ஷிப்ட்தான் குடும்பத்தின் கணக்கு. வாடகை, சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாமே அதை நம்பித்தான். மந்தம் வந்தால் முதலில் போவது அந்த அரை ஷிப்ட். அதே மந்தத்தால் ரத்தான லாட் மலிவாகி, அதே தொழிலாளியின் கைக்கு வருகிறது. சந்தை தாக்குப் பிடிக்கிறது என்று நான் சொல்லும்போது, அதற்கான விலையில் ஒரு பங்கை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்பதை மறந்து சொல்லவில்லை. வேலை போன டெய்லர்கள் சிலர் கொஞ்சம் முதலைப் புரட்டி, ஒரு மூட்டையை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு காங்கயம், வெள்ளகோவில் பக்கம் சந்தைகளுக்குப் போகிறார்கள். முன்பணம் கேட்காத, சிபாரிசு கேட்காத அந்த வேலையை வேறு எந்த இடம் அவர்களுக்குக் கொடுக்கும்?

அப்படியானால் இந்தச் சந்தைக்கு அடியே விழுந்ததில்லையா என்றால், விழுந்திருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள்; ரொக்கத்தில் ஓடுகிற தெரு அப்படியே நின்றது. 2018 ஆகஸ்டில் கேரளா வெள்ளத்தில் மூழ்கியது, ஓண வியாபாரம் போனது. 2020-ல் ஊரடங்கு. 2023-ல் செகண்ட்ஸ் கடைகள் இருந்த பஜாரில் தீப்பிடித்து வரிசையாகக் கடைகள் எரிந்தன. இவற்றில் எதுவுமே ஆர்டர் குறைந்ததால் வந்ததில்லை. சரக்கும் ஆளும் காசும் ஒரே இடத்தில் கூட முடியாமல் போனபோதுதான் காதர்பேட்டை படுத்தது.

அரசு உதவி என்று வருவது இந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. 2025 செப்டம்பரில் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவிகிதம் ஆனது. நல்லதுதான். ஆனால் 1,000 ரூபாய்க்குள் விற்கும் சரக்குக்கு முன்பும் 5 சதவிகிதம்தான். காதர்பேட்டையில் 1,000 ரூபாய்க்கு மேல் சட்டை ஏது?

ஈரோட்டைப் பாருங்கள். கனி ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் இரவே வெளி மாநில வியாபாரிகள் வந்து இறங்கி, செவ்வாயன்று லுங்கியும் துண்டும் வாங்கிப் போவார்கள். அங்கே மாநகராட்சி பல மாடி வளாகம் கட்டியது. முன்பணமும் வாடகையும் கட்டுப்படியாகாது என்று சிறு வியாபாரிகள் குரல் எழுப்பினார்கள். கட்டிடம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மலிவு விற்கிறவரின் பலமே செலவு குறைவாக இருப்பதில் இருக்கிறது. பளபளப்பான தளத்துக்கு வாடகை கொடுத்தால், அந்த வாடகை துண்டின் விலையில் ஏறும். ஏறிய பிறகு அவருக்கும் பெரிய கடைக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த மந்தத்தில் அவரும் சேர்ந்தே விழுவார்.

தேர்தல் வந்தால் இன்னொரு கொடுமை. ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறிமுதல். மூட்டை வாங்க வருகிறவர் வேறு எப்படி வருவார்? அறிவிப்பு வந்த நாள் முதல் சந்தைகள் காற்று வாங்குகின்றன. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் பதிவு பெற்ற வணிகர் சங்கத்தின் கடிதத்தை ஆவணமாக ஏற்றுக்கொண்டால் சிறு வியாபாரி பிழைத்துக்கொள்வார்.

காதர்பேட்டைக்கு நான் கேட்பது சிறிது. ஒழுங்கான மின் இணைப்பு. தீ பிடித்தால் உடனே திறக்க ஒரு தண்ணீர்க் குழாய். தீயணைப்பு வண்டி உள்ளே நுழையும் அளவுக்கு வழி. ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. அடுத்த தீபாவளிக்கு முன்னால், வாடகையில் கை வைக்காமல், மாநகராட்சி இவற்றைச் செய்து தர வேண்டும்.