மிதோசுஜியில் கார் வேண்டாம்

ஜப்பானின் ஒசாகா நகரில் மிதோசுஜி சாலையை 2037-க்குள் முழுக்க நடப்பவர்களுக்கே விட்டுவிடத் திட்டம். "ஊரின் முதன்மைச் சாலையில் வண்டி ஓடாதென்றால் சரக்கு எப்படி வரும், டாக்சி எங்கே நிற்கும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் என் ஓட்டு நடப்பவர்களுக்கே.

இந்தச் சாலையைப் போடத் தொடங்கியபோது கார்கள் பெருகியிருக்கவில்லை. இரண்டு பெரிய புத்தக் கோயில்களை ஒட்டி ஓடிய 6 மீட்டர் தெருவைச் சுமார் 44 மீட்டராக அகலப்படுத்தும் வேலை 1926-ல் தொடங்கியது. அன்று ஒசாகாவில் கார்கள் எத்தனை இருந்திருக்கும்? "மேயர் ஊர் நடுவே விமானத்தளம் கட்டுகிறாரா?" என்று கிண்டலடித்தார்கள். அந்த மேயர் சேகி ஹாஜிமே, பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். சாலையால் யாருடைய மனைக்கு விலை ஏறுமோ அவர்களும் செலவில் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்றார். சும்மா விடுவார்களா? நல்ல எதிர்ப்பு. 1937-ல் வேலை முடிந்தபோது பார்க்க அவர் இல்லை, 1935-லேயே இறந்துவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாலைக்கு அடியில் இருக்கிறது. 1933-ல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது வண்டிக்கு ஒரே ஒரு பெட்டி. நடைமேடையை மட்டும் அப்போதே நீளமாகக் கட்டிவைத்தார்கள். இன்று 10 பெட்டி ரயில் அந்தத் தடத்தில் ஓடுகிறது.

மேலே கதை வேறு. ஒசாகாவில் நடந்த 1970 உலகக் கண்காட்சிக்கு முன் நெரிசலுக்குப் பயந்து ஒருவழிப் பாதையாக்கினார்கள். இன்றும் வண்டிகள் தெற்கே மட்டும்தான் போகும். வடபாதி வங்கி, காப்பீட்டு அலுவலகங்கள். ஞாயிற்றுக்கிழமை ஈ ஓட்டும். தென்பாதியில் ஷின்சாய்பாஷி பக்கம் சாமானியர் விலை கேட்கவே தயங்கும் கைப்பைக் கடைகள். இரண்டு பாதிக்கும் பொதுவாக இருப்பது கிங்கோ மரங்கள். இலையுதிர் காலத்தில் மஞ்சள் பார்க்க அவ்வளவு அழகு, கீழே விழுந்த பழமோ மூக்கைத் துளைக்கும். அதையும் பொறுக்கிப்போய்க் கொட்டையை வறுத்துத் தின்பவர்கள் உண்டு.

சாலையின் இரு ஓரத்திலும் வண்டிகளுக்கென இருந்த ஓரப் பாதைகளை ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாக நடைபாதையோடு சேர்த்துவருகிறார்கள். என் கவலை வேறு. காரை விரட்டிவிட்டு அந்த இடத்தைக் காபிக் கடை நாற்காலிகளுக்குத் தாரை வார்த்தால் என்ன லாபம்? தெற்குக் கோயிலின் முன்னால், சாலை நடுவே பசுமைத் திட்டில் ஒரு கல் நிற்கிறது. ஹைக்கூ கவிஞர் பாஷோ 1694-ல் இறந்தது இந்தப் பக்கத்தில்தான் என்று சொல்லும் கல். இருபுறமும் வண்டி பாய்வதால் நின்று படிக்கக்கூட வழியில்லை. முதலில் அதன் பக்கத்தில் காசு கேட்காத பெஞ்சு நாலு போடட்டும், கடைக்கு அப்புறம் இடம் பார்க்கலாம்.