இராணுவ அலைவரிசைக்கு டெண்டர் போடும் அரசுகள்

2004-ஆம் ஆண்டு மே மாதம், தன் படைகளுக்கான செயற்கைக்கோள் தொலைத்தொடர்பை யாரிடம் ஒப்படைப்பது என்று நேட்டோ முடிவெடுத்தபோது, அந்த ஒப்பந்தத்தை வென்றவை மூன்று அரசுகள். பிரிட்டன் தன் ஸ்கைநெட், பிரான்ஸ் தன் சிராகூஸ், இத்தாலி தன் சிக்ரால் ஆகிய இராணுவச் செயற்கைக்கோள்களைச் சேர்த்து ஒரே கூட்டு ஒப்பந்தப்புள்ளியாக முன்வைத்திருந்தன. மதிப்பு ஏறத்தாழ 45.7 கோடி யூரோ; காலம் 2005 முதல் 15 ஆண்டுகள். 1970 முதல் சொந்தச் செயற்கைக்கோள்களை வைத்திருந்த ஒரு கூட்டணி, இனி விண்ணில் எதையும் வாங்கி நிறுத்தப் போவதில்லை, உறுப்பு நாடுகளிடமிருந்து சேவையாகவே பெற்றுக்கொள்ளும் என்று தீர்மானித்த தருணம் அது. 2020-இல் அந்த ஏற்பாடு இன்னும் 15 ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 100 கோடி யூரோவுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது அமெரிக்காவும் நான்காவது நாடாக அதில் சேர்ந்துகொண்டது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 2 அன்று நம் கடற்படைக்கான ஜிசாட்-7ஆர், அதாவது சிஎம்எஸ்-03, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 4,410 கிலோ எடை. இந்திய மண்ணிலிருந்து ஏவப்பட்டவற்றில் இவ்வளவு எடையுள்ள தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் அதற்கு முன் இல்லை. அதையொட்டி என் நண்பர்கள் எழுதிய பெருமிதப் பதிவுகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: நாமும் பிற நாட்டு இராணுவங்களுக்கு இதை விற்கலாமே, ஏன் இன்னும் தயக்கம்? விற்கலாம் என்பதே என் கருத்தும். ஆனால் அதற்கு நம்மிடம் குறைவாக இருப்பது செயற்கைக்கோள் என்று நான் நினைக்கவில்லை.

கிண்டி தொழிற்பேட்டையில், சிறிய டிஷ் வைத்து செயற்கைக்கோள் வழியே இணைப்புத் தரும் ஒரு சிறிய வீசாட் நிறுவனத்தில் பல ஆண்டுகள் டெண்டர் வேலை பார்த்தவன் என்பதால், இந்த விஷயத்தை அந்தக் கண்ணோடுதான் பார்க்க முடிகிறது. முன்வைப்புத் தொகைக்கான டி.டி. ஓர் உறையில், டெக்னிக்கல் பிட் இன்னோர் உறையில், பிரைஸ் பிட் மூன்றாவது உறையில். மூன்றையும் பெரிய உறைக்குள் போட்டு, ஒட்டிய இடத்தில் அரக்கை உருக்கி விட்டு, கம்பெனி முத்திரையை அது ஆறுவதற்குள் அழுத்த வேண்டும். திறக்கும் நாளில் எல்லா நிறுவனங்களின் ஆட்களும் ஒரு மேசையைச் சுற்றி நின்று, உறைகளின் மேல் கையெழுத்திட்டு, அதிகாரி விலையை உரக்கப் படிக்கும்போது குறித்துக்கொள்வோம். எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், யார் என்று தெரிந்த கணமே மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த உலகத்தில் நம்பகத்தன்மைக்கும் ஒரு விலை எழுதப்பட்டிருந்தது: மாதத்தில் இவ்வளவு நேரத்துக்கு மேல் லிங்க் விழுந்தால் இவ்வளவு பெனால்டி. வங்கிக் கிளைக்கோ பெட்ரோல் பங்குக்கோ அது போதும். ஐப்பசி மழையில் கேயூ பேண்ட் அலைவரிசை சிக்னல் அரை மணி நேரம் போனால், மாதக் கடைசியில் பில்லில் கழித்துக்கொள்வார்கள். நடுக்கடலில் ஒரு போர்க்கப்பலின் தொடர்பு அறுந்தால் எந்தப் பெனால்டியைக் கொண்டு ஈடுகட்டுவது? இழந்த கப்பலுக்கு அடுத்த மாத பில்லில் கழிவு கொடுக்க முடியாது.

ஆகவேதான் இந்த வகை ஒப்பந்தத்தில் அரசுகளே நேரில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. தனியார் நிறுவனங்கள் பின்னால் இல்லாமல் இல்லை. பிரிட்டன் 2003-லேயே ஸ்கைநெட் 5 திட்டத்தைத் தனியார் முதலீட்டு முறையில் பாரடைம் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. இத்தாலியின் பக்கம் டெலெஸ்பாசியோ நிறுவனம் இருந்தது. ஆனாலும் நேட்டோவிடம் வாக்குக் கொடுத்தவை அரசுகள். 2022-இல் கிரைமியாவை ஒட்டிய கடற்பகுதியில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவையைச் செயல்படுத்துமாறு உக்ரைன் கேட்டபோது தாம் மறுத்துவிட்டதாக ஈலான் மஸ்க் பின்னர் தாமே சொன்னார். அவருடைய முடிவு சரியா தவறா என்ற வாதம் இங்கே வேண்டாம். ஒரு நாட்டின் படை நகர்வு, வேறொரு நாட்டிலுள்ள ஒரு தனிமனிதரின் மனநிலையைச் சார்ந்து நிற்கலாம் என்பதை எல்லா இராணுவத் தலைமையகங்களும் அன்று குறித்துக்கொண்டிருக்கும்.

நேட்டோ ஒப்பந்தத்தை வென்ற மூன்று நாடுகளில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இத்தாலி. முதல் சிக்ரால் 2001-இல்தான் ஏவப்பட்டது. அனுபவத்திலும் எண்ணிக்கையிலும் பிரிட்டனோடு ஒப்பிட அதனால் முடியாது. ஆனால் இராணுவச் செயற்கைக்கோள் என்பது போர்க்காலத் தேவையைக் கணக்கிட்டுக் கட்டப்படுவது. சமாதான காலத்தில் அதன் திறனில் பெரும் பகுதி சும்மா கிடக்கும். எரிபொருள் தீரும்வரைதான் அதற்கு ஆயுள் என்பதால், முகூர்த்த நாளில் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தின் வாடகை போல, விற்காமல் போன ஒவ்வொரு மணி நேரமும் போனது போனதுதான். இத்தாலி அந்த உபரியை விற்பனைப் பொருளாக்கியது. 2009-இல் ஏவப்பட்ட சிக்ரால் 1பி-க்கு டெலெஸ்பாசியோவும் முதலீடு செய்தது. அதன் திறன் இத்தாலியப் படைக்கும் நேட்டோவுக்கும் போக, மீதியை நட்பு நாடுகளுக்கு விற்பது ஏற்பாடு. 2015-இல் ஏவப்பட்ட சிக்ரால் 2 பிரான்சோடு சேர்ந்தே உருவாக்கப்பட்டது. தனியாகத் தாங்க முடியாத சுமையைக் கூட்டுச் சேர்ந்து தூக்கி, அதற்கு வாடகையும் வாங்கிய சாமர்த்தியம் அது.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கூட்டு ஒப்பந்தப்புள்ளிக்கு இன்னொரு பலனும் உண்டு. இத்தகைய ஏற்பாடுகளில் எவரையும் தூங்கவிடாத ஒரு கேள்வி இருக்கிறது: 'எங்கள் சொந்தப் படைக்கு அவசரம், உங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை எங்களுக்கு வேண்டும்' என்று சொந்தக்கார நாடு ஒரு நாள் சொன்னால் என்ன செய்வது? ஒரே நாட்டை நம்பியிருந்தால் கை பிசைய வேண்டியதுதான். மூன்று நாடுகள் இருந்தால் ஒன்று பின்வாங்கினாலும் மற்ற இரண்டு ஓரளவு ஈடுகொடுக்கும்.

இடையில் ஒரு செய்தி. ஸ்கைநெட் 5ஏ 2007 மார்ச்சில் ஏரியன் 5 ராக்கெட்டில் ஏவப்பட்டபோது, அதே ராக்கெட்டில் உடன் பயணித்தது நம் இன்சாட்-4பி. 2010 ஜூலையில் சூரியத் தகட்டில் ஏற்பட்ட மின்பழுதால் அந்த இன்சாட்டில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நின்றுபோனது. அதை நம்பியிருந்த ஒரு டிடிஎச் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தமிழ்நாடு முழுவதும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததும், பின்னர் டிஷ்களைத் திருப்பி வைக்க ஆட்கள் மொட்டை மாடிகளில் ஏறியதும் பலருக்கு நினைவிருக்கும். நெடுந்தொடர் போனால் ஆள் அனுப்பி டிஷ்ஷைத் திருப்பிவிடலாம். ரோந்தில் இருக்கும் நீர்மூழ்கிக்கு யாரை அனுப்புவது?

இனி நம் கதை. கடற்படைக்கு 2013-இல் ஜிசாட்-7, விமானப்படைக்கு 2018-இல் ஜிசாட்-7ஏ என்று வரிசை வளர்ந்திருக்கிறது. தரைப்படைக்கான செயற்கைக்கோளுக்காக 2023 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்தோடு 2,963 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. ஒரு மத்திய அமைச்சகமும் ஒரு மத்திய அரசு நிறுவனமும் தமக்குள் கையெழுத்திட்டுக்கொண்ட ஏற்பாடு இது. வெளியார் முன் போட்டியில் நிற்கும் பயிற்சி இதில் கிடைக்காது. 2017 மே மாதம் ஏவப்பட்ட தெற்காசியச் செயற்கைக்கோள் ஜிசாட்-9 அண்டை நாடுகளுக்கு இலவசப் பரிசாகவே கொடுக்கப்பட்டது. பரிசு வாங்கியவர் கேள்வி கேட்க மாட்டார். டெண்டர் விடுபவர் கேட்பார். அவர் கேட்கும் முதல் கேள்வி தேவாஸ் என்ற தனியார் நிறுவனத்தோடு போட்டு ரத்தான ஒப்பந்தம் பற்றியதாக இருக்கும் என்பது என் ஊகம்.

2005-இல் இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ் நிறுவனம் தேவாஸுக்கு எஸ் பேண்ட் அலைவரிசைத் திறனைக் குத்தகைக்குத் தர ஒப்புக்கொண்டது; 2011 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு அதை ரத்து செய்தது. நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட தேவைகளுக்கு அந்த அலைவரிசை வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். சர்வதேச நடுவர் மன்றம் 56.25 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. பின்னர் 2022 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் தேவாஸ் மோசடியாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் என்று கூறி அதைக் கலைக்கும் உத்தரவை உறுதி செய்தது. ஒப்பந்தமே மோசமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டு இராணுவ அதிகாரி ஒருவர் இந்தக் கோப்பைப் புரட்டினால், மோசடிப் பக்கங்களைத் தாண்டி, இராணுவத்துக்குத் தேவை என்று சொல்லி குத்தகைக்கு விட்ட அலைவரிசையை இந்தியா திரும்ப எடுத்துக்கொண்டது என்ற வரியில்தான் அவர் கண் நிற்கும். மேலே சொன்ன, தூங்கவிடாத கேள்வி அதுவேதான்.

அந்த வரிக்கு நாம் பதில் வைத்திருக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையில் திரும்ப எடுப்போம், எத்தனை நாள் முன்னறிவிப்புத் தருவோம், மாற்றுத் திறனை யார் செலவில் ஏற்பாடு செய்வோம் என்பவற்றை வெளிப்படையான சட்டமாக இயற்றலாம். விண்வெளிக் கொள்கை 2023-இல் வந்துவிட்டது, நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் இன்னும் இல்லை. இத்தாலி செய்தது போல முதல் ஒப்பந்தப்புள்ளியைக் கூட்டாகப் போடுவதும் நல்லது. அதற்கு பிரான்ஸைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தோன்றவில்லை. மேகா-ட்ராபிக்ஸ், சரல் ஆகிய செயற்கைக்கோள்களில் இணைந்து வேலை செய்த பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

தமிழ்நாட்டின் விண்வெளித் தொழிற்கொள்கையைச் சுட்டிக்காட்டி, நம் மாநிலமே இதில் இறங்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பாதுகாப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது; மாநில அரசு இத்தகைய டெண்டரில் நிற்க வழியில்லை. ஆனால் கப்பலில் பொருத்தும் ஆன்டெனா, முதுகில் சுமக்கும் டெர்மினல், குறியாக்கக் கருவி என்று தரையிலும் கடலிலும் செய்ய வேண்டிய வேலை ஏராளம். அதற்கான கைகள் கிண்டியிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் இருக்கின்றன.

கடைசியாக, சென்னையில் உட்கார்ந்து இதை எழுதுபவன் தவிர்க்க முடியாத ஒன்று. இந்தியப் பெருங்கடல் நாடுகளே நம் முதல் வாடிக்கையாளர்கள் என்றால் அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கும். காசிமேட்டிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் போகும் படகுகளைப் பிடிக்கும் ரோந்துக் கப்பல்கள் நம் செயற்கைக்கோள் வழியே பேசிக்கொள்வதை டெல்லி வணிகமாகப் பார்க்கலாம். அப்படிச் செய்தால் இலங்கைக் கடற்படை நம்மைச் சார்ந்திருக்கும், அது நமக்கு ஒரு பிடி என்று வாதிடவும் செய்யலாம். பிடி என்று ஒன்றைக் கருதினால் என்றாவது அதை இறுக்க வேண்டிவரும். இறுக்கிய அன்று மாலத்தீவும் மொரீஷியஸும் வியட்நாமும் நம் கையெழுத்தை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கும். இறுக்கவே மாட்டோம் என்றால் நம் மீனவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகவே மீனவர் பிரச்சினை தீரும்வரை இலங்கைக் கடற்படை டெண்டர் விட்டாலும் இந்தியா அதில் கலந்துகொள்ளக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.