“உங்க வீடுதான் நிக்குதே!”

ஐப்பசி பிறந்துவிட்டால் அம்மா துடைப்பக் கட்டையை எடுத்து மேல்தளத்தைத் தட்டிப் பார்ப்பார். கெட்டியாகச் சத்தம் வந்தால் அதன் அடியில் படுக்கலாம். ‘பொத்’தென்று கேட்டால் அந்த இடம் பொக்கு. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. போன வருடம் கட்டில் போட இரண்டு இடம் இருந்தது. இந்த வருடம் சமையல்கட்டு நிலைப்படி ஓரம் மட்டும்தான் மிச்சம்.

கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரை. 90களில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தெருவின் கூரை வீடுகளைப் பிய்த்தெறிந்தபோது, பாதித் தெரு எங்கள் வீட்டுக்குள்தான் ஒண்டியது. அம்மாவுக்கு அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

2024இல் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணையின் மேலே இருக்கிற சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். வெள்ளம் வந்தால் மாடியில் ஏறிக்கொள்ள வேண்டும் என்று ஆற்றங்கரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் மாடியில் நாலு பேர் ஏறினால் நாலு பேரும் நடுவீட்டுக்கு வந்துவிடுவோம். ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக்கைக் கேரி பையில் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். முழங்கால் தண்ணீரில், தோளில் ஆட்டுக்குட்டியோடு அம்மா.

திரும்பி வந்தால் ஜன்னல் உயரத்துக்குச் சுவர் ஊறிக் கிடந்தது. கார்டுக்கு 2,000 ரூபாய் வந்தது. சேதமான குடிசைக்கு 10,000 என்று அறிவித்தார்கள். எதிர் வீட்டு அத்தைக்குக் கிடைத்தது, சந்தோஷம். எங்களைக் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றே போட்டோ எடுத்தார். “உங்க வீடுதான் நிக்குதேம்மா.”

என் ஆத்திரம் அந்த ஒரு வார்த்தை மேல்தான். கீற்றும் மூங்கிலும் மேலே விழுந்தால் பெரும்பாலும் தட்டிவிட்டு எழுந்து வரலாம். கான்கிரீட் விழுந்தால்? ஆனால் காகிதத்தில் அவர்கள் இருப்பது குடிசை, நாங்கள் இருப்பது நிரந்தர வீடு. வீடு கட்ட அரசு தரும் கனவு இல்லத் திட்டத்தின் 3.50 லட்சமும் குடிசைக்குத்தான். 2001க்கு முன் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளைச் சீரமைக்கத் திட்டம் இருக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம். போய்க் கேட்டால் “லிஸ்ட் வரட்டும்” என்கிறார்கள்.

‘ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் அங்கேயே இருக்கீங்க?’ என்று கேட்கும் நண்பர்களே, டவுனில் வாடகை அட்வான்ஸ் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆட்டை எந்த ஹவுஸ் ஓனர் சேர்ப்பார்? அம்மாவின் பயம் வேறு: “பூட்டிக் கெடந்தா ஆளில்லாத வீடுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்கடா.”

அடுத்த முறை கணக்கெடுக்க வருகிறவரிடம் நான் பணம்கூடக் கேட்கப் போவதில்லை. செருப்பைக் கழற்ற வேண்டாம், உள்ளே வாருங்கள். துடைப்பக் கட்டை மூலையில்தான் இருக்கிறது. நீங்களே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.