அந்த வீடியோவை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள்

அந்த வீடியோ பற்றித்தான். எது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாளில் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள், என் மச்சான் உட்பட. கோட்டு போட்ட பேச்சாளர், எதிரே கல்லூரிப் பிள்ளைகள், பின்னால் திரையில் ‘திக்குன் ஓலாம்: யூதர்களின் வெற்றி ரகசியம்’. “உன்னை நீ சரிசெய்துகொள், உலகம் தானாகச் சரியாகிவிடும்” என்று அவர் முடித்ததும் ஒரே கைதட்டல். அதற்குக் கீழே நான் நாலு வரி மறுத்து எழுதினேன். கிடைத்த அர்ச்சனையையும் பார்த்திருப்பீர்கள்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். திக்குன் ஓலாம் என்றால் எபிரேய மொழியில் உலகைச் சீர்செய்தல். அதில் ‘தானாக’ என்ற பேச்சே கிடையாது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இந்தச் சொல் வருவது விவாகரத்து, கடன், சிறைப்பட்டவர்களை மீட்பது போன்ற லௌகீக விவகாரங்களில். ஒவ்வொரு ஏழாம் ஆண்டிலும் கடன் தள்ளுபடி என்பது யூதர்களின் மூல வேதமான தோராவின் விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த வருஷம் நெருங்க நெருங்க, காசு வைத்திருப்பவன் ஏழைக்குக் கடன் தர மறுத்தான். யூத அறிஞர் ஹில்லேல் என்ன செய்தார்? கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்க ஒரு பத்திரத்தை ஏற்பாடு செய்தார். தள்ளுபடி பயம் போனது, ஏழைக்குக் கடன் கிடைத்தது. இதுதான் ஐயா உலகைச் சீர்செய்தல். கண்ணாடி முன் நின்று “நான் வெல்வேன்” என்று நூறு தடவை சொல்வதல்ல. ஒரு பத்திரம்!

வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு என்கிறது தோராவின் ஐந்தாம் நூலான உபாகமம். விழுந்தவன் பார்த்து நடந்திருக்கலாமே என்று நீ தப்பிக்க முடியாது. அந்தக் காலத்துப் பக்திமான்கள் முள்ளையும் உடைந்த கண்ணாடியையும் தங்கள் வயலிலேயே மூன்று கையகல ஆழத்தில் புதைப்பார்களாம், ஏர் தட்டாதபடி. இது மிஷ்னாவையும் அதன் மீதான விவாதங்களையும் கொண்ட தல்மூத்தில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குத் தல்மூத் என்ற பேரே தெரியாது. வீட்டில் டம்ளர் உடைந்தால் பழைய பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, சணல் கட்டி, மேலே நீல மையில் ‘கண்ணாடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். குப்பை வண்டி வரும்வரை வாசலில் நின்று கையில் கொடுப்பார். “அவங்க கையை விட்டுத்தானேடா அள்ளுறாங்க.” நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். அப்பா தன்னைச் சரிசெய்துகொண்டாரா என்று கேட்டால், கோபக்காரர், கடைசிவரை பீடியை விடவில்லை.

இனி பின்னூட்டங்களுக்கு வருகிறேன். “வள்ளுவர் சொல்லாததா?” சொல்லியிருக்கிறார். அதையும்தான் நாம் செய்யவில்லையே.

“சமூக நீதி என்ற அர்த்தமெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் ஏற்றப்பட்டது, லூரியா சொன்னது மறைஞானம்” என்று ஒரு நண்பர். படித்தவர். ஒத்துக்கொள்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் ஊரில் ஐசக் லூரியா என்ற யூத மறைஞானி பேசியது படைப்பின்போது இறை ஒளியைத் தாங்காமல் உடைந்த பாத்திரங்களையும் சிதறிய ஒளிப்பொறிகளையும் பற்றித்தான். ஆனால் அந்தப் பொறிகளைத் திரட்டும் வேலையை அவரும் மனிதன் தலையில்தானே வைத்தார்? அங்கேயும் ‘தானாக’ இல்லை.

“காஸாவில் குழந்தைகள் சாகிறார்கள், நீ யூத அறம் பற்றி வகுப்பு எடுக்கிறாயா?” இது தைத்தது. நியாயமான கோபம்தான். வீட்டாரைத் தடுக்க முடிந்தும் தடுக்காதவன் வீட்டாரின் குற்றத்தில் பங்காளி, ஊரைத் தடுக்க முடிந்தவன் ஊரின் குற்றத்தில் பங்காளி என்று சொல்வதும் அதே தல்மூத்தான். மனித உரிமைகளுக்கான ரபிகள் (ரபி என்றால் யூத மதகுரு) என்று 1988இல் இஸ்ரேலில் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. மேற்குக் கரையில் பாலஸ்தீன விவசாயிகள் ஆலிவ் பறிக்கும்போது இஸ்ரேலியக் குடியேறிகள் தாக்காமலிருக்கக் கூடப்போய் நிற்கிறார்கள். இஸ்ரேல் அரசைக் கேள்வி கேட்க அந்த நூலே போதும். என்னை ஏன் ‘கைக்கூலி’ என்கிறீர்கள்? எனக்குக் கூலி தருகிற நிறுவனம் மூன்று வருஷமாகச் சம்பளத்தையே ஏற்றவில்லை.

அந்த வீடியோ மீது எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உபாகமத்தின் இன்னொரு பகுதி. வயல்வெளியில் கொலையுண்டவன் கிடக்கிறான், கொன்றவன் யாரென்று தெரியவில்லை. எந்த ஊர் மிக அருகில் என்று அளக்க வேண்டும். அந்த ஊர்ப் பெரியவர்கள் வந்து, கைகழுவி, “எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை” என்று சொல்ல வேண்டும். மிஷ்னா கேட்கிறது: பெரியவர்களையா கொலைகாரர்கள் என்று சந்தேகித்தோம்? இல்லை. அவன் எங்களிடம் வந்து நாங்கள் சோறில்லாமல் அனுப்பவில்லை, அவனைப் பார்த்தும் வழித்துணை இல்லாமல் விடவில்லை என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். நான் செய்யவில்லை என்பது மட்டும் பதில் இல்லை. நான் செய்யவில்லை என்பது பதிலே இல்லை.

போன மாதம் எங்கள் தெருமுனையில் மூடியில்லாத ஒரு குழி. நாலு நாள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். ஐந்தாம் நாள் ராத்திரி, நல்ல மழை, சாப்பாடு கொண்டுவந்த பையன் தொப்பலாக நின்றான். ஓடிபி சொன்னேன், பொட்டலத்தை வாங்கினேன், கதவைச் சாத்தினேன். “தம்பி, முனையில குழி இருக்கு, பார்த்துப் போ.” இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். காலையில் குழித் தண்ணீரில் ஒற்றைச் செருப்பு மிதந்தது. கால் முறிந்துவிட்டதாம், இஸ்திரிக்காரர் சொன்னார். அதற்கு அப்புறம்தான் ஒரு வேப்பங்கிளையை ஒடித்து அதில் நட்டேன்.

அந்தப் பேச்சாளர் கணக்குப்படி அன்றைக்கு நான் சரியாகத்தான் இருந்தேன். காலையில் யோகா, ராத்திரி கிரீன் டீ.

மச்சான், “உனக்கெதுக்குடா யூதன் கதை” என்று கேட்டாயே. அந்தப் பையன் பெயராவது தெரியுமா என்று ஆப்பில் பழைய ஆர்டரைத் திறந்து பார்த்தேன். பத்திரமாகச் சேர்ந்துவிட்டது என்று போட்டிருக்கிறது. கீழே ஐந்து நட்சத்திரம், நிரப்பச் சொல்லி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.