தனியார் கடைக்கும் கம்பெனிக்கும் சட்டம் பொருந்தாதா?

"மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு அலுவலகத்துக்கு மட்டும்தான். தனியார் சாய்தளம் போட்டால் அது அவர்கள் பெருந்தன்மை." சென்னை வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 4 சதவீத வேலை இடஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. அதை வைத்து மொத்தச் சட்டத்தையும் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. இணையதளத்தில் போடலாம், இல்லையென்றால் வளாகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். நகல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதிவாக வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலரும் வேண்டும்.

அணுகல் வசதி வேண்டும் என்று சட்டம் சொல்லும் 'பொதுக் கட்டடம்' என்பதில் மக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் அடங்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடையும்தான்.

சாய்தளம் என்ற பெயரில் ஏதோ ஒன்றைப் போட்டாலும் போதாது. 1-க்கு 12 சரிவு வேண்டும்: 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். நான் பார்த்த ஒரு கடையில் இரும்புத் தகடு ஒன்றைச் செங்குத்தாகச் சாய்த்திருந்தார்கள். சக்கர நாற்காலியை இரண்டு பேர் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அது வசதியே இல்லை, ஆபத்து.

மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் கொடுக்கலாம்.