லேபிளில் உள்ள காகித ஆண்டெனா வேவு பார்க்கிறதா?

பொருள்களில் ஒட்டும் லேபிள்களில் அச்சிட்டிருக்கும் காகித ஆண்டெனா நம் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. ஆண்டெனா இருப்பது சரி, மற்றது தவறு.

வெள்ளித் துகள் கலந்த மையால் அச்சிட்ட கோடுகள், கூடவே ஒரு குட்டிச் சிப், அவ்வளவுதான். பெரும்பாலும் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவி வீசும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து, சிப் தன் அடையாள எண்ணை அந்தக் கருவிக்குச் சொல்லும். செல்போன் படிக்கும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலை வகையைச் சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்துதான் படிக்க முடியும். 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வகையைச் சில மீட்டரிலிருந்து. காகிதம் ஈரமானால் அந்தத் தூரமும் குறையும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோ சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன; அவை அலை அனுப்புமே தவிர, நம் இருப்பிடத்தைக் கேட்டு வாங்குவதில்லை.

கதவோரம் கருவி வைத்தால், கடந்து போகும் லேபிளின் எண்ணைப் படிக்கலாம். கவலைப்படுவதானால் அதற்குப் படலாம்.