குடிச்சா ஜெயில்னு அந்தச் சட்டத்துல எங்கேங்க இருக்கு?

நேத்து ராத்திரி மதுவிலக்கு விவாதத்தில் ஒரு அண்ணன் அடித்துவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். “அமெரிக்காக்காரனே குடிச்சா ஜெயில்னு சட்டம் போட்டுப் பார்த்தான், முடியலை, ரூஸ்வெல்ட் வந்து ஒரே கையெழுத்துல தூக்கிட்டாரு.” கீழே பின்னூட்டத்தில் போய் ரெண்டு வரி திருத்தம் போட்டால், ‘சாராய முதலாளிக்கு வக்காலத்தா?’ என்று ஒருவர், ‘மதுவிலக்கு பஜனை கோஷ்டி’ என்று இன்னொருவர். ரொம்ப சந்தோஷம்.

குடிச்சா ஜெயில் என்று அதில் இல்லை. 1920 ஜனவரி 17இல் அமலுக்கு வந்த, மதுவிலக்கைக் கொண்டுவந்த அமெரிக்க அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் தடுத்தது உற்பத்தி, விற்பனை, கொண்டுபோவது, ஏற்றுமதி இறக்குமதி. குடிப்பதை அல்ல. முன்னாடியே வாங்கி வீட்டு நிலவறையில் அடுக்கியவர் தாராளமாகக் குடிக்கலாம். யாரால் அப்படி அடுக்க முடிந்திருக்கும் என்று நான் சொல்லணுமா?

அதை நடைமுறைப்படுத்த வந்த வோல்ஸ்டெட் சட்டம் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மது என்றது. கூடவே கதவையும் திறந்து வைத்தது. டாக்டர் சீட்டு இருந்தால் பத்து நாளைக்கு ஒரு பைண்ட் விஸ்கி, அதாவது நம்ம ஊர் ஆஃபை விட நூறு மில்லி கூட, மருந்துக்கடையிலேயே கிடைத்தது. வீட்டில் பழச்சாறு செய்துகொள்ளச் சலுகை இருந்ததால், திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக விற்றார்கள். தண்ணீரில் கரைத்து இருபது நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒயின் ஆகிவிடும் என்று ‘எச்சரிக்கை’ வேறு! செய்முறைக்கு இப்படியும் ஒரு பெயர்.

‘அப்போ குடி குறையவே இல்லை, தோல்விதானே?’ இல்லை சார். முதல் சில வருஷம் நன்றாகவே குறைந்தது. கல்லீரல் சுருங்கிச் சாவதும் குறைந்தது. அப்புறம் மெல்ல ஏறியது. இது ரெண்டு கோஷ்டிக்கும் பிடிக்காத உண்மை என்பதால் ரெண்டு பேருமே பேசமாட்டார்கள்.

ஒரே கையெழுத்தாம்! மது வரி இல்லாமல் மத்திய அரசு வண்டி ஓடாது என்ற நிலைமையை மாற்றியது 1913இல் வந்த வருமான வரி. அதனால்தான் மதுவிலக்கே சாத்தியமானது. 1929க்குப் பிறகு பொருளாதாரம் படுத்து வருமான வரி வற்றியதும் மது வரி ஞாபகம் வந்துவிட்டது. 1933 ஏப்ரல் 7இல் 3.2 சதவீத பீர் சட்டப்படியே விற்பனைக்கு வந்தது. டிசம்பர் 5இல் யூட்டா, தேவைப்பட்ட 36ஆவது மாநிலமாக ஒப்புதல் தர, மதுவிலக்கை ரத்து செய்யும் 21ஆவது திருத்தம் நிறைவேறியது. மாநிலச் சட்டமன்றங்களை நம்பாமல் மாநிலந்தோறும் தனி மாநாடுகள் கூட்டி ஒப்புதல் வாங்கினார்கள். வேறெந்தத் திருத்தத்துக்கும் அப்படி நடந்ததில்லை. அதற்குப் பிறகும் மிசிசிப்பி 1966 வரை மாநில மதுவிலக்கை விடவில்லை.

இதையெல்லாம் விடுங்கள். செத்தவர்களைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது வாயைத் திறந்தார்களா?

ஆலைகளுக்குப் போகும் எரிசாராயத்தைக் குடிக்கக் கூடாதென்று அரசே மெத்தனால் கலக்க வைத்தது. கள்ளச் சந்தைக்காரர்கள் அதைத் திருடி, திரும்பக் காய்ச்சி விற்றார்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.4. முதலில் இறங்குவதைக் கொட்டிவிட்டால் விஷம் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. போகாது. சாதாரணப் பானையில் காய்ச்சினால் கடைசிவரை கலந்தேதான் இறங்கும். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாகி முதலில் கண்ணைப் பறிக்கும். இது தெரிந்தே 1926 கடைசியில் கலப்பு விதியை இன்னும் கடுமையாக்கினார்கள்.

1930இல் ஜமைக்கா இஞ்சிச் சாறு. மருந்து என்ற பெயரில் விற்ற சின்ன பாட்டில், முக்கால்வாசி ஆல்கஹால். குடிக்க முடியாத அளவுக்கு இஞ்சி இருக்கிறதா என்று பார்க்க, அதிகாரிகள் அதைக் கொதிக்க வைத்து, மிஞ்சும் இஞ்சிக் கசடை எடை போடுவார்கள். எடையை ஏமாற்றப் பிளாஸ்டிக்கை இளக்கும் ஒரு பாஸ்பேட்டைக் கலந்தார்கள். அது நரம்பைத் தின்றது. ஆயிரக்கணக்கான ஏழைகள் பாதம் தொங்கி, தரையில் பட் பட்டென்று அறைய நடந்தார்கள். நிலவறையில் அடுக்கி வைத்தவர்கள் யாரும் இதைக் குடிக்கவில்லை.

மதுவிலக்கின் பெரிய தளபதி வெய்ன் வீலர், ஆலைச் சாராயத்தைக் குடிப்பவன் தெரிந்தே தற்கொலை செய்துகொள்கிறான் என்று சொன்னவர். நேத்து என் பின்னூட்டத்துக்குக் கீழே ஒருத்தர், ‘குடிகாரன் செத்தா உனக்கென்ன?’ என்று கேட்டிருந்தார், சிரிப்பு பொம்மையோடு.

பிளாக் பண்ணிவிட்டேன்.